பன்னிரண்டாவது டிக்

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை இணைப்பது எப்படி என்று எழுதித்தரச் சொல்லி உங்கள் கணினிப் பராமரிப்புக் குழுவிலிருந்து கேட்டிருந்தீர்கள். நான் ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன். ஓசூரில் என் வீட்டு பால்கனிக்கு வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று கண்காணிப்பதுதான் இப்போது எனக்கு முழுநேர வேலை. என்னை நம்பி ஒருவர் ஒன்று கேட்டதே பெரிய விஷயம். ஆனாலும் கட்டளைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவையெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. தவிர, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவற்றில் பாதிக்கு இப்போது பெயரே மாறிவிட்டது.

மாறாத ஒன்று உண்டு. கட்டளையை அடித்து முடித்த பிறகு, என்டர் தட்டுவதற்கு முன் வரும் இரண்டு நொடி. என் பெரிய தவறுகள் எல்லாம் அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடித்ததில் வந்தவை.

முதலில் சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அப்போது நான் ஓசூரில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். பர்கூரில் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் நாங்கள் கொடுத்த லினக்ஸ் லேப்டாப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வைஃபை மந்தமாக இருக்கிறது என்று புகார். நான் ஓசூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடி அந்த லேப்டாப்புக்குள் நுழைந்தேன். நுழைந்த வழியும் அதே வைஃபைதான். வைஃபையை ஒருமுறை அணைத்து மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அணைத்தேன். சொன்ன பேச்சு கேட்டு அணைந்தது. ஏற்றுவதற்கான கட்டளையையும் அடித்தேன். அது பர்கூருக்குப் போக வழியில்லாமல் என் திரையிலேயே நின்றுவிட்டது.

பஸ் ஏறினேன். குருபரப்பள்ளி தாண்டும்வரை அந்த லேப்டாப்பைத் தயாரித்தவர்களைத் திட்டினேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது என்னைத் திட்ட ஆரம்பித்தேன். பர்கூரில் இறங்கிப் போய் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினேன். யூனிட் முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா சார் இவ்ளோ தூரம் பஸ்ல வந்தீங்க? ஃபோன்ல சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பனே."

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேபிள் வேறு சோதிக்க வேண்டியிருந்தது என்றேன். அங்கே கேபிளே கிடையாது.

திரும்பி வந்ததும் என் மேலதிகாரி கத்தவில்லை. அவர் கத்தாத ஆள். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒண்ண அணைக்கிறதுக்கு முன்னாடி, அணைஞ்ச பிறகு நீ எங்க நிப்பேன்னு பாத்துக்கோ." நான் அதை வைஃபை பற்றிய அறிவுரை என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே பல வருடம் வைத்திருந்தேன்.

இனி மஞ்சுளா விஷயம்.

சர்வீஸ் கம்பெனியை விட்டு ஒரு தொழிற்சாலையில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். வண்டிகளின் பிரேக்குக்கு உள்ளே போகும் பாகம் ஒன்றைச் செய்கிற இடம். உள்ளங்கை அளவு இரும்பு, நடுவில் ஒரு துளை. அந்தத் துளையின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். கூடினால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இருபத்தொரு பங்கு கூடலாம், குறையவே கூடாது. அதை ஒவ்வொன்றாக அளந்து, சரி என்று வெளியே விடுகிற இடத்துக்குப் பெயர் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். அங்கே உட்கார்ந்திருந்தவர் மஞ்சுளா. ஜவளகிரிக்காரர். விவசாயக் குடும்பம், வீட்டில் கன்னடம். தளிக்கு வந்து பஸ் மாறி, எட்டரை மணிக்குக் கம்பெனி வாசலில் இருப்பார். ஒப்பந்தத் தொழிலாளியாக நான்கு வருடம் ஓட்டிவிட்டார். நிரந்தரம் செய்யப்போகிறவர்களின் பட்டியலில் அந்த முறை அவர் பெயரும் இருந்தது.

அவருடைய மேசையில் ஒரு லேப்டாப், அதோடு இணைந்த டிஜிட்டல் அளவுமானி. துளைக்குள் அளவுமானியை விட்டுக் காலால் ஒரு பெடலை மிதித்தால் அளவு வைஃபை வழியாக சர்வருக்குப் போய்விடும். திரையில் பச்சை விழும். அதற்கு முன்பெல்லாம் கேபிள்தான். ஆனால் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்குத் தரையில் கிடக்கும் கேபிள்மீது என்ன கோபமோ, மாதத்துக்கு ஒன்றை வெட்டிவிடுவார்கள். அதனால்தான் வயர்லெஸ். பன்னிரண்டு லேப்டாப், எல்லாவற்றிலும் லினக்ஸ், பொறுப்பு நான்.

முதல் லேப்டாப்பில் வைஃபையை உயிர்ப்பிக்க நான்கு நாள் ஆனது. அந்த வயர்லெஸ் கார்டு வேலை செய்யத் தனியாக ஒரு கோப்பு வேண்டும். கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும். வைஃபை வர அந்தக் கோப்பு வேண்டும். நான்காம் நாள் ஒரு பென் டிரைவில் கோப்பைக் கொண்டுவந்து போட்டு, மூலையில் அந்தச் சின்ன விசிறி அடையாளம் நிறைந்தபோது, பெற்றெடுத்தவன்போல் நின்றேன். இன்னும் பதினோரு முறை பெற்றெடுக்கத் தெம்பில்லை. முதல் லேப்டாப்பின் டிஸ்க்கை அப்படியே மற்ற பதினொன்றுக்கும் நகல் எடுத்தேன்.

நகல் எடுத்தால் ஒரு காரியம் மறக்காமல் செய்யவேண்டும். லினக்ஸை நிறுவும்போது அந்த இயந்திரத்துக்கு நீளமான ஓர் அடையாள எண் பிறக்கிறது, மெஷின் ஐடி. எங்கள் லேப்டாப்புகள் நெட்வொர்க்கில் சேரும்போது "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்பது அந்த எண்ணை வைத்துத்தான். நகலில் எண்ணும் நகலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு நகலிலும் பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் பிறப்பிக்கவேண்டும். ஒரு வரிக் கட்டளை. ஒரு தாளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதிக்கொண்டேன். ஒன்று அசல், அதற்கு நீல மையில் ஒரு டிக். பிறகு ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாக டிக். பன்னிரண்டும் முடிந்தன. தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன்.

நான்கு நாள் பெற்றெடுத்த அந்த முதல் லேப்டாப்பைப் பாசத்தோடு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கே கொடுத்தேன். பன்னிரண்டாவது கடைசியாக மிஞ்சியது. அதை லாரியில் சரக்கு ஏற்றும் டிஸ்பேட்ச் பகுதிக்குக் கொடுத்தேன், முனிராஜிடம். லாரி வந்தால்தான் அவர் அதைத் திறப்பார். லாரி மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வரும். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் கேன்டீனுக்குப் போகும் வழியில் மஞ்சுளா என்னை நிறுத்தினார்.

"சார், முனிராஜ் அண்ணா அவர் கம்ப்யூட்டர் தொறந்தா என்னுது சரியா வேலை செய்ய மாட்டேங்குது சார்."

"சிக்னல் எப்படி இருக்கு?"

"ஃபுல்லா காட்டுது."

"பச்சை விழுதா?"

"விழுது. ஆனா அப்ப வர்ற பச்சை வேற மாதிரி சார். காலையில பெடல் அமுக்குனவுடனே வருது. மத்தியானம் யோசிச்சு யோசிச்சு வருது. நீங்க மத்தியானமா வந்து பாருங்க."

நான் மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். மதியம் எனக்குச் சௌகரியப்படாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசையில் ஃபைலுக்கு நடுவே ஒரு நாவல் விரிந்திருக்கும், அந்த வாரம் அது கொலையாளி யார் என்று தெரிகிற கட்டத்தில் இருந்தது. காலையில் எல்லாம் அருமையாக ஓடியது. சிக்னல் முழுசு, பச்சை உடனே. "நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று மதியம் கேன்டீனில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பார்வையாளர்கள் இருந்தால் வாய் நிற்காது. "நம்ம ஃபேக்டரியில ரெண்டு லேப்டாப்புக்கு மாமியார் மருமகள் சண்டைப்பா. டிஸ்பேட்ச்ல மாமியார் கண்ணைத் தொறந்தா, இன்ஸ்பெக்ஷன்ல மருமகளுக்குக் கை ஓட மாட்டேங்குதாம். ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நான்தான் வீட்டுக்காரின்னு நிக்கிறாங்க!" சோற்றில் கை வைத்தபடி சிரித்தார்கள். முனிராஜும் சிரித்தார். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓசூர்க்காரர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் எனக்கு ஏதோ குடியுரிமை கிடைத்ததுபோல் இருக்கும்.

மறுநாள் முதல் மஞ்சுளாவின் பெயர் மருமகள். "என்னா மருமகளே, மாமியார் எந்திரிச்சாச்சா?" இரண்டு மணிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரர் கத்துவார். மஞ்சுளா நிமிரமாட்டார். அளவைக் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பாகத்தை எடுப்பார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் புகார் நின்றுபோனால் கோளாறு நின்றுபோனதாகத்தான் கணக்கு.

அப்புறம் வந்தது தரத் தணிக்கை. எங்கள் ஆட்களே செய்கிற உள் தணிக்கைதான். சர்வரில் மூன்று வார அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காலை முழுக்க எண்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் மஞ்சுளாவின் மேசையிலிருந்து பெரும்பாலும் வெற்றிடம். ஆனால் அந்த நேரத்துப் பாகங்கள் எல்லாம் "சரி" என்ற பெட்டியில் ஏறி வெளியே போயிருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: சாப்பிட்டுவிட்டு வந்து அளக்காமலே தள்ளியிருக்கிறார்.

பிரேக் பாகம். யாரும் சிரிக்கவில்லை. திங்கள்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று முடிவானது. நிரந்தரப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு விழுந்தது. விசாரணையில் நிரூபணமானால் ஒப்பந்தமும் போய்விடும்.

வியாழக்கிழமை பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"நெட்வொர்க்ல ஏதாவது கோளாறு உண்டாங்க?"

"நான் போய்ப் பாத்தேன் சார். நல்லா இருந்துச்சு."

"அப்ப ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. எச்.ஆர். மேடம் ஃபைலுக்குக் கேக்கறாங்க. ஒரு வரி போதும்."

எழுதினேன். 'ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் லேப்டாப்பின் வயர்லெஸ் இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை.' கையெழுத்து, தேதி. அந்த வரியில் இருந்த பொய்யை நான் கவனிக்கவே இல்லை. நான் பார்த்தது காலை பத்து மணியை. எழுதியது நாள் முழுவதையும்.

சனிக்கிழமை மதியம் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றேன். எனக்கு முன்னால் ஃபோர்க்லிஃப்ட்காரர், அவருக்கு முன்னால் மஞ்சுளா. விசாரணை பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் ஆறுதலாகத்தான் பேச நினைத்தார் என்று நம்புகிறேன். "உடு மருமகளே. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நான்தான் வீட்டுக்காரின்னு நின்னா, யாராவது ஒருத்தர் வெளிய போய்த்தான் ஆவணும்."

என் வாக்கியம். என் வார்த்தைகள். வரிசையில் நின்றபடி அதை முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரும் நான்தான் அது என்கிறார்கள். ஒரே முகவரி. ஒரே அடையாளம். ஒரு மாதத்துக்கு முன்பு கோளாறு என்னவென்று நானே சரியாகச் சொல்லியிருக்கிறேன். சிரிப்புக்காகச் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை.

தட்டை வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன். இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. ஒன்று முதல் பதினொன்று வரை நீல டிக். பன்னிரண்டுக்கு எதிரே சிவப்பு டிக்.

அன்றைய பொழுது திரும்ப வந்தது. பதினொன்று முடிந்ததும் டீ வந்தது. டீயோடு ஸ்டோர்காரர் வந்தார், அவரோடு பேச்சு வந்தது. அவர் என் நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி உட்கார்ந்தேன், மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன், தாளில் பன்னிரண்டு மட்டும் டிக் இல்லாமல் இருந்தது கண்ணை உறுத்தியது, போட்டேன். வேலையைச் செய்ததாக ஞாபகமே இல்லை. டிக் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

டிஸ்பேட்சுக்குப் போய் முனிராஜின் லேப்டாப்பில் மெஷின் ஐடியைப் பார்த்தேன். மஞ்சுளா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய லேப்டாப்பிலும் பார்த்தேன். முப்பத்திரண்டு எழுத்து. கடைசி எழுத்துவரை ஒன்றே. முனிராஜ் லேப்டாப்பைத் திறந்ததும் இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்துவிடும். சர்வருக்கு எது எது என்று தெரியாது. அளவுகள் பாதி வழியில் காணாமல் போகும். அந்த மென்பொருளோ, அனுப்பியாயிற்று என்றாலே பச்சை காட்டும், சேர்ந்ததா என்று கேட்காது. அதுவும் ஏறக்குறைய என்னைப் போலத்தான்.

முனிராஜின் மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்தேன். பழைய எண்ணை அழித்துப் புதிது பிறப்பிக்கும் வரி. விரல் என்டர் மேல் இருந்தது.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இருக்கிறது. நம் கை சரிசெய்யப் பழகிய கை. உடைந்திருப்பதைப் பார்த்தால் தானாகப் போகும். அந்த என்டரைத் தட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். திங்கள்கிழமை முதல் மதிய அளவுகள் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். அதைப் பார்த்து எல்லோரும் என்ன சொல்வார்கள்? விசாரணை என்றதும் ஒழுங்காக அளக்க ஆரம்பித்துவிட்டார் பார் என்பார்கள். என் கையெழுத்து ஃபைலில் அப்படியே இருக்கும். நான் தப்பு செய்தது யாருக்கும் தெரியாது. இதுவும் அந்த நொடியில் என் மனதில் ஓடியது, ஓடவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் மெதுவாகவே ஓடியது.

அணைந்த பிறகு நீ எங்கே நிற்பாய் என்று பார்த்துக்கொள். பர்கூர் போய் வந்த அன்று மேலதிகாரி சொன்ன வாக்கியம் அத்தனை வருடம் கழித்து வைஃபையை விட்டு வெளியே வந்தது. நான் பாதுகாப்பாக நிற்பேன். மஞ்சுளாவுக்கு நிற்க இடமிருக்காது. அவர் பக்கம் சாட்சி சொல்ல இருந்தது அந்தக் கோளாறு ஒன்றுதான். அதைத்தான் நான் சரிசெய்யப் போகிறேன்.

அடித்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தேன். "இதுல யாரும் கை வைக்கவேண்டாம் முனிராஜ், திங்கள்கிழமை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"கெட்டுப்போயிருக்கா சார்?"

"ஆமா."

"செரி பண்ணலையா?"

"இல்ல. கெட்டுப்போனபடியே இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை பத்து மணி. அறையில் பிளான்ட் ஹெட், எச்.ஆர். மேடம், மஞ்சுளா. நான் இரண்டு லேப்டாப்பையும் அளவுமானியையும் ஒரு டிரேயில் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் என்னைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார் பிளான்ட் ஹெட்.

"அதைத் திரும்ப வாங்கிக்க வந்தேன் சார்."

மஞ்சுளாவின் லேப்டாப்பை மட்டும் திறந்து, அவரையே ஒரு பாகத்தை அளக்கச் சொன்னேன். பச்சை. சர்வரில் எண் வந்து விழுந்தது. இன்னும் ஐந்து. ஐந்தும் விழுந்தன. பிறகு முனிராஜின் லேப்டாப்பையும் திறந்தேன். அது நெட்வொர்க்கில் சேரும்வரை காத்திருந்தேன். "இப்ப அளங்கம்மா." பெடலை மிதித்தார். சற்றுத் தயங்கிப் பச்சை வந்தது. சர்வரில் ஒன்றுமில்லை. மறுபடி பச்சை. மறுபடி ஒன்றுமில்லை. ஆறு முறை அளந்ததில் ஒன்று மட்டும் வந்து சேர்ந்தது. சிக்னல் முழுதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. நான் அந்தச் சிவப்பு டிக் தாளை மேசைமேல் வைத்தேன்.

பிளான்ட் ஹெட் நெற்றியைத் தேய்த்தார். "இது யார் செஞ்ச தப்பு?"

"என்னுது சார்."

"அந்தக் கையெழுத்து?"

"அதுவும் என்னுதுதான் சார்."

எச்.ஆர். மேடம் பொறுமையாகக் கேட்டார்: "சரி. அளவு வந்து சேரலைங்கறது புரியுது. ஆனா அவங்க அளந்தாங்கங்கறதுக்கு இது சாட்சி இல்லையே?"

நியாயமான கேள்வி. இரண்டு நாளாக நான் எனக்கே கேட்டுக்கொண்டு பதில் கிடைக்காத கேள்வி.

மஞ்சுளா சொன்னார்: "வெள்ளிக்கிழமை மத்தியான லாட் இன்னும் ரேக்லதான் இருக்கு மேடம். ஆயில்ல போடல. எடுத்து வரச் சொல்லுங்க."

ஒரு டிரே வந்தது. அவர் ஒரு பாகத்தைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம், வார்ப்பு சொரசொரப்பாக இருக்கும் இடத்தில், மார்க்கரால் பொடி எழுத்தில் 13. அடுத்ததில் 07. அடுத்ததில் 11. அளவின் கடைசி இரண்டு இலக்கம். அனுப்புவதற்கு முன் ஆயிலில் முக்கும்போது அழிந்துவிடும். மேடம் கண்ணை மூடிக்கொண்டு பத்து பாகம் எடுத்தார். பிளான்ட் ஹெட்டே அளவுமானியைப் பிடித்தார். ஒன்பது அப்படியே பொருந்தின. ஒன்றில் மட்டும் கடைசி இலக்கம் ஒன்று தள்ளியது, அது பிளான்ட் ஹெட் அளவுமானி பிடித்துப் பழகாததால் என்று எனக்குத் தோன்றியது.

"பாகத்து மேல எதுவும் எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்கே, தெரியாதா?" என்று கேட்டார் அவர். குரலில் வேகம் இல்லை.

"தெரியும் சார். அதான் சொல்லல."

"பின்ன எதுக்கு எழுதினீங்க?"

"மத்தியானப் பச்சை மேல நம்பிக்கை இல்ல சார்."

"நம்பிக்கை இல்லைன்னா எங்ககிட்ட வந்து சொல்லவேண்டியதுதானே?"

மஞ்சுளா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயற்சி எடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். "ஒருதடவ சொன்னேன் சார். சிரிச்சாங்க."

நான் மேசைமேல் இருந்த என் சிவப்பு டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பென்சில் கோட்டை அழித்தார்கள். பாகத்தின்மேல் எழுதியதற்கு ஒரு வாய்மொழி எச்சரிக்கை. எனக்கு எழுத்து மூலம் ஒரு மெமோ. என் பணிக்காலத்தில் என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பிழையே இல்லாத ஒரே ஆவணம் அதுதான். பச்சை என்றால் சர்வரில் சேர்ந்தது என்று அர்த்தமாக வேண்டும் என மென்பொருள்காரர்களிடம் சொல்லி மாற்றினோம், அது நடக்க இரண்டு மாதம் ஆனது.

அன்று மதியமே பன்னிரண்டாவது லேப்டாப்புக்குப் புது அடையாளம் கொடுத்தேன். ஒரு வரி, ஒரு என்டர். மஞ்சுளாவின் மேசைக்குப் போய்ச் சொன்னேன்: "சரி பண்ணிட்டேம்மா."

"ரெண்டையும் ஒண்ணா தொறந்து பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் பார்க்கவில்லை. டிஸ்பேட்சுக்கு நடந்து போய் முனிராஜிடம் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சுளா சிக்னலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முனிராஜின் கையைப் பார்த்தார், தன் திரையைப் பார்த்தார், பெடலை மிதித்தார். பத்துப் பதினைந்து முறை மிதித்துவிட்டுத்தான் கையை உயர்த்தினார். மறுநாளிலிருந்து மார்க்கரைக் கீழே வைத்துவிட்டார் என்று நினைத்தேன். மென்பொருளை மாற்றும்வரை அந்த இரண்டு மாதமும் எழுதியிருக்கிறார், முனிராஜ் பிறகு சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

லேப்டாப்புக்குப் புது அடையாளம் கொடுக்க ஒரு வரிக் கட்டளை போதும் என்று சொன்னேன் அல்லவா. நான் கேன்டீனில் வைத்த பெயரை அழிக்க எந்தக் கட்டளையும் இல்லை. நிரந்தரமான பிறகும் மருமகள்தான். "அப்படிக் கூப்பிடாதீங்கப்பா" என்று நான் இரண்டு மூன்று முறை சொன்னேன். அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். என் குரலுக்கு அந்தப் பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

நான் விருப்ப ஓய்வில் போன அன்று கேன்டீனிலேயே வழியனுப்பு விழா. மாலை, சால்வை, எல்லாம் உண்டு. என்னைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகப் பொய் சொன்னார்கள். பிறகு மைக் பிடித்திருந்தவர், "அடுத்து நம்ம மருமகள் சார்பா ரெண்டு வார்த்தை" என்றார். வழக்கம்போல் சிரிப்பு எழுந்தது. மஞ்சுளா எழுந்து வந்தார். மைக்கை வாங்கி, சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார்.

"என் பேரு மஞ்சுளா" என்றார். "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்."

அப்புறம் என்னைப் பார்த்து, "நல்லா இருங்க சார்" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி ஆகிவிட்டதால் தன் மேசைக்குப் போனார்.

ஏற்புரைக்கு நான் ஏழெட்டு நகைச்சுவை எழுதி வைத்திருந்தேன், எல்லாம் சோதித்துப் பார்த்தவை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுந்து நன்றி மட்டும் சொன்னேன்.